ஆகஸ்டு 15: ஒரே தேதி, பல வரலாறுகள்

(நம் பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் மறைக்கல்வி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)





யூபிலி ஆண்டு என்பது நாட்களை எண்ணிப் பார்க்கும் ஆண்டு. கோவிலுக்கு அடிக்கல் நாட்டிய நாள் எது, முதல் பூசை நடந்த நாள் எது, மணி ஏற்றிய நாள் எது என்று இந்த ஆண்டு முழுவதும் பழைய ஏடுகளைப் புரட்டி வருகிறோம். ஆகவேதான், "ஒரே தேதியில் நடந்த வரலாற்று நிகழ்ச்சிகள்" என்னும் தலைப்பில் பேசும்படி விழாக் குழுவினர் மறைக்கல்வி ஆசிரியர்களாகிய எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஆண்டில் 365 நாட்கள் இருக்க, நாங்கள் தேர்ந்துகொண்டது ஆகஸ்டு 15.

அதற்குக் காரணம் உண்டு. அன்று காலையில் நாம் தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள் பூசை காண்கிறோம். பூசை முடிந்து வெளியே வந்ததும் கொடிக்கம்பத்தின் கீழ் நின்று தேசியக் கொடிக்கு வணக்கம் செய்கிறோம். அப்போது மறைக்கல்விப் பிள்ளைகள் நம்மிடம் கேட்பார்கள்: "இன்று எது பெரிய விழா? மாதா திருநாளா, சுதந்திர தினமா?" பிள்ளைகளின் கேள்வியில் கபடம் இல்லை. ஆனால் இதே கேள்வியைச் சிலர் வெளியிலிருந்து வேறு தொனியில் கேட்பதுண்டு. "உங்களுக்கு எது பெரிது, வேதமா, தேசமா?" என்கிறார்கள். முன்னதில் ஆவல் இருக்கிறது. பின்னதில் முள் இருக்கிறது. இரண்டுக்கும் விடை சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள்.

திருநாள் பிறந்த கதை

முதலில் திருநாளைப் பார்ப்போம். ஆகஸ்டு 15-ல் தேவதாயின் நினைவைக் கொண்டாடும் வழக்கம் ஐந்தாம் நூற்றாண்டிலேயே எருசலேமில் இருந்தது. 582 முதல் 602 வரை கான்ஸ்டாண்டிநோபிளில் ஆண்ட மவுரிசியுஸ் பேரரசர் அதைத் தம் பேரரசு முழுவதற்கும் பொதுத் திருநாளாக்கினார். பின்னர் அது ரோமைக்கும், அங்கிருந்து மேற்றிசைத் திருச்சபை முழுவதற்கும் பரவிற்று. கடைசியாக, பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் உலகெங்குமுள்ள ஆயர்களைக் கலந்து, 1950 நவம்பர் 1 அன்று, மாதா ஆன்ம சரீரத்தோடு விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டதை விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்தார். மக்கள் சுமார் 1,500 ஆண்டுகளாகக் கொண்டாடி வந்ததைத் திருச்சபை சத்தியமாக அறிக்கையிட்டது. திருநாள் முந்தியது, பிரகடனம் பிந்தியது.

தமிழருக்கும் இத்திருநாள் புதிதன்று. வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டியில் பரலோகமாதா திருவிழாவுக்கு ஆகஸ்டு 15-ல் திரளும் கூட்டத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். கடல் கடந்து இலங்கையிலே மடுமாதாவின் ஆவணித் திருவிழாவும் அதே நாளில்தான்.

பாரீஸ் குன்றின் மேல் ஏழு பேர்

இனி 1534-ம் ஆண்டுக்குச் செல்வோம். பாரீஸ் நகருக்கு வெளியே மோன்மார்த்தர் என்னும் குன்று. அதன்மேல் வேதசாட்சியான புனித டெனிஸ் பெயரால் ஒரு சிற்றாலயம். ஆகஸ்டு 15 அன்று ஏழு பேர் அங்கே கூடினார்கள். லொயோலா இஞ்ஞாசியார், பிரான்சிஸ் சவேரியார், பீட்டர் பேபர், லைனஸ், சல்மெரோன், பொபதில்லா, ரொட்ரீகஸ். எல்லோரும் பாரீஸ் சர்வகலாசாலையில் படித்தவர்கள். எழுவரில் குருப்பட்டம் பெற்றிருந்தவர் பேபர் ஒருவரே. அவர் பூசை செய்ய, மற்றவர்கள் நன்மை வாங்குமுன் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். தரித்திரத்திலும் கற்பிலும் வாழ்வோம். எருசலேமுக்குப் போய் ஆத்துமங்களுக்கு உழைப்போம். அது கூடாவிட்டால் பாப்பரசரிடம் சென்று, அவர் அனுப்பும் இடத்துக்குப் போவோம் என்பதே அந்த வார்த்தைப்பாடு.

எருசலேமுக்குப் போக அவர்களால் முடியவில்லை. வெனிஸ் நகரில் காத்திருந்தும் போர் மேகத்தால் கப்பல் கிடைக்கவில்லை. ஆகையால் ரோமைக்குப் போனார்கள். 1540 செப்டம்பர் 27 அன்று பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் சேசு சபையை அங்கீகரித்தார். கிடைக்காத அந்தக் கப்பலுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். அது கிடைத்திருந்தால் சவேரியார் நம் கடற்கரைக்கு வந்திருப்பாரோ என்னவோ!

அவர் 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே 6 அன்று கோவா வந்து சேர்ந்தார். அந்த ஆண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். மந்திரங்களைத் தமிழில் எழுதுவித்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு இவரைவிட நல்ல முன்மாதிரி வேறு யார்?

காற்று கொண்டு சேர்த்த துறை

மலாக்காவில் 1547-ல் சவேரியார் அஞ்சீரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். சொந்த ஊரில் ஒரு கொலைப் பழிக்குத் தப்பி ஓடிவந்தவர் அவர். மனச்சாட்சி உறுத்த, பாவமன்னிப்புத் தேடிக்கொண்டிருந்தார். 1548-ல் கோவாவில் ஞானஸ்நானம் பெற்றுச் சின்னப்பர் என்னும் பெயர் பூண்டார். அவரையும், கோஸ்மே தெ தோரஸ் சுவாமியாரையும், சகோதரர் பெர்னாண்டஸையும், வேறு சிலரையும் கூட்டிக்கொண்டு சவேரியார் ஜப்பானுக்குப் புறப்பட்டார். அந்தச் சிறு கூட்டத்தில் மலபாரைச் சேர்ந்த ஊழியர் ஒருவரும் இருந்தார். 1549 ஜூன் 24 அன்று, புனித அருளப்பர் திருநாளில், மலாக்காவிலிருந்து ஒரு சீனனின் மரக்கலத்தில் ஏறினார்கள். கப்பல்காரன் வழியில் போக்குக் காட்டினான். சீனாவிலேயே தங்கிவிடவும் பார்த்தான். கடைசியில் வேறு எந்தத் துறையையும் பிடிக்க முடியாமல் கப்பல் ககோஷிமாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அது அஞ்சீரோவின் சொந்த ஊர். அன்று ஆகஸ்டு 15. சவேரியாரே தம் கடிதத்தில், தேவமாதாவின் ஆகஸ்டு மாதத் திருநாளன்று வந்திறங்கியதாக எழுதியிருக்கிறார்.

அவர்கள் கொண்டுபோயிருந்த மாதா படத்தை அஞ்சீரோ அவ்வூர்த் தலைவரிடம் காட்டியபோது, அவர் முழந்தாளிட்டு வணங்கினார். அவருடைய தாயாரோ, அதைப்போல ஒரு படம் தமக்கும் வேண்டும் என்று கேட்டனுப்பினார். ஜப்பானில் வேதம் இப்படித் தொடங்கிற்று.

மோன்மார்த்தரில் ஆகஸ்டு 15 என்ற நாளை அந்த ஏழு பேரும் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். ககோஷிமாவிலோ அந்த நாளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. காற்றும் கடலும் கொண்டு சேர்த்தன. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே படித்த பிள்ளைகள் ஒரு சந்தேகம் எழுப்பலாம். 1582-ல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்தியபோது பத்து நாட்கள் நீக்கப்பட்டன. அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அவிலா தெரேசம்மாள் காலமானது அந்த இரவில்தான்! அப்படியானால் 1549-ன் ஆகஸ்டு 15, இன்றைய கணக்கில் ஆகஸ்டு 25 அல்லவா? உண்மைதான். வானத்துச் சூரியனின் கணக்கு வேறு, ஏட்டின் கணக்கு வேறு. ஆனால் சவேரியார் கரை இறங்கியது மாதா திருநாள் அன்று. நாம் கொண்டாடுவதும் மாதா திருநாளே. ஒரு தேதியை அந்தத் தேதியாக்குவது அதை நினைவுகூரும் மக்கள்தான் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

நாகசாகியின் சாம்பல்

சவேரியார் விதைத்த பயிர் செழித்தது. பிறகு இரத்தத்தில் நனைந்தது. 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் 26 பேர் சிலுவைகளில் உயிர்விட்டனர். 1614-ல் நாடெங்கும் வேதம் தடைசெய்யப்பட்டது. குருக்கள் இல்லை, கோவில் இல்லை, திவ்ய நற்கருணை இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெற்றோர் பிள்ளைகளுக்கு இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்து விசுவாசத்தைக் காத்தார்கள். 1865 மார்ச் 17 அன்று நாகசாகியில் புதிதாகக் கட்டிய கோவிலுக்கு ஊரகாமி கிராமத்தார் சிலர் வந்தார்கள். பெத்தித்ஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் தாங்களும் அதே விசுவாசத்தினர் என்று மெதுவாகச் சொல்லி, மாதா சுரூபம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அந்தக் குரு எப்படி மகிழ்ந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்!

அதன் பிறகும் துன்பம் ஓயவில்லை. ஊரகாமி மக்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டு, 1873-ல்தான் வீடு திரும்பினார்கள். ஏழைக் குடியானவர்களாகிய அவர்கள் 1895-ல் கோவில் கட்டத் தொடங்கி, சிறுகச் சிறுகச் சேர்த்து, 1914-ல் முடித்தார்கள். ஒரு பங்கு கோவில் கட்டுவது என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும்.

1945 ஆகஸ்டு 9, காலை 11 மணி 2 நிமிடம். அமெரிக்க விமானம் முதலில் குறிவைத்தது கோக்குரா நகரை. அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் நாகசாகிக்குத் திரும்பிற்று. அணுகுண்டு ஊரகாமி கோவிலிலிருந்து சுமார் 500 மீட்டர் தூரத்தில் வெடித்தது. ஆகஸ்டு 15 திருநாளுக்கு ஆயத்தமாகக் கோவிலுக்குள் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. குருக்களும் காத்திருந்தவர்களும் அங்கேயே மாண்டார்கள். அந்தப் பங்கின் 12,000 கத்தோலிக்கரில் ஏறக்குறைய 8,500 பேர் இறந்தனர்.

ஆறு நாட்கள் கழித்து, ஆகஸ்டு 15 நண்பகலில், ஹிரோஹிதோ சக்கரவர்த்தியின் குரல் வானொலியில் கேட்டது. ஜப்பான் சரணடைந்தது, உலகப்போர் ஓய்ந்தது.

ஊரகாமியில் உயிர்தப்பியவர்களில் ஒருவர் தகாஷி நாகாய் என்னும் மருத்துவர். எக்ஸ்ரே வேலையால் ஏற்கனவே இரத்தப் புற்றுநோய் கண்டவர். குண்டு விழுந்த பின் தம் வீட்டுச் சாம்பலில் மனைவியின் எலும்புகளையும், அருகே உருகிக் கிடந்த ஜெபமாலையையும் கண்டெடுத்தார். அந்த ஆண்டு நவம்பர் 23 அன்று இடிந்த கோவிலருகே மரித்தோருக்காக நடந்த பூசையில் அவர் பேசினார். போர் முடிந்த நாளும் மாதா திருநாளும் ஒன்றானதைச் சுட்டிக்காட்டி, ஊரகாமி உலக சமாதானத்துக்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட பலி என்றார். துக்கத்தில் கிடந்த மக்களுக்கு அது பெரிய ஆறுதலாயிற்று.

ஆனால் அந்தப் பேச்சை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் நாம் சொல்லவேண்டும். இப்படிப் பேசினால் குண்டு போட்டவர்களின் பொறுப்பு மறைந்துபோகாதா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1981 பிப்ரவரி 25 அன்று ஹிரோஷிமாவில் நின்ற பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், போர் மனிதனின் செயல் என்று தெளிவாகச் சொன்னார். ஆண்டவர்மேல் அதைச் சுமத்தவில்லை. இரண்டையும் நாம் சேர்த்தே வைத்துக்கொள்ளவேண்டும். தன் துயரத்தைப் பலியாக ஒப்புக்கொடுக்க, துன்பப்பட்டவனுக்கு உரிமை உண்டு. துன்பம் செய்தவன் அதைச் சொல்லித் தப்பிக்க உரிமை இல்லை.

நள்ளிரவில் வந்த சுதந்திரம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1948 ஜூன் மாதத்துக்குள் ஆட்சியை ஒப்படைப்பதாகத்தான் பிரிட்டிஷ் அரசு முதலில் அறிவித்திருந்தது. அதை 1947 ஆகஸ்டு 15-க்கு முன்தள்ளியவர் வைசிராய் மவுண்ட்பேட்டன். ஏன் அந்த நாள்? ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு நாள் என்பதால் அதைத் தேர்ந்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். தென்கிழக்கு ஆசியாவில் ஜப்பானுக்கு எதிராக நேசப்படைகளை நடத்தியவர் அவர். ஆகவே 1945-ம் 1947-ம் ஒரே தேதியில் வந்தது தற்செயல் அன்று. ஒரு தேதியின் நிழல் இன்னொன்றின்மேல் விழுந்திருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல நாள் அல்லவென்று சோதிடர்கள் சொன்னார்கள். ஆகையால் அரசியல் நிர்ணய சபை 14-ந் தேதி இரவு 11 மணிக்கே கூடிற்று. நள்ளிரவு மணி அடிக்கையில் நாடு விடுதலை பெற்றது.

அன்று டெல்லியில் ஆரவாரம். ஆனால் விடுதலைக்கு வழிநடத்திய காந்தியடிகள் டெல்லியில் இல்லை. கல்கத்தாவில், பெலியகட்டா என்ற ஏழைப் பகுதியில், ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பழைய வீட்டில் தங்கி, உபவாசமும் ஜெபமும் இராட்டையுமாக அந்த நாளைக் கழித்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் இருக்கவேண்டும் என்பதே அவர் கவலை. பஞ்சாபிலோ இரத்த ஆறு ஓடிக்கொண்டிருந்தது. எல்லைக்கோடு எங்கே என்பது 17-ந் தேதிதான் வெளியாயிற்று. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசல் இழந்தார்கள். நாம் மகிழ்ந்து கொண்டாடும் நாள் அவர்களுக்கு ஒப்பாரி நாள்.

இந்த நாட்டை உருவாக்கியதில் நம்மவர் பங்கு என்ன? அரசியல் நிர்ணய சபையின் துணைத்தலைவராக இருந்த முகர்ஜி ஒரு கிறிஸ்தவர். சென்னை லயோலா கல்லூரி முதல்வராயிருந்த ஜெரோம் டிசூசா என்னும் சேசு சபைக் குரு சென்னையின் சார்பில் அச்சபையில் அமர்ந்தார். சட்டசபையில் கிறிஸ்தவர்களுக்கென்று தனி இடங்கள் வேண்டாம், நாட்டு மக்களின் நல்லெண்ணத்தை நம்புகிறோம் என்று ஒப்புக்கொண்டவர்கள் இவர்கள். அந்தச் சபை இயற்றிய அரசியல் சட்டத்தின் 25-ம் விதி, தன் மதத்தை அறிக்கையிடவும், அனுசரிக்கவும், பரப்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை தந்தது. நம் கோவில் மணி அடிப்பதும், நம் பிள்ளைகள் மறைக்கல்வி படிப்பதும் யாரோ போட்ட பிச்சை அன்று. இந்நாட்டுக் குடிமக்கள் என்ற முறையில் நமக்குள்ள உரிமை. அந்த உரிமை கிடைத்ததும் ஆகஸ்டு 15-ன் பலனே.

வேறு சில ஆகஸ்டு 15-கள்

நம்மைப் போலவே இரண்டு விழாக்களையும் ஒரே நாளில் கொண்டாடும் மக்கள் இன்னும் உண்டு. கொரியர்கள் 1945 ஆகஸ்டு 15-ல் ஜப்பானின் பிடியிலிருந்து விடுபட்டார்கள். அவர்கள் நாடும் இரண்டாகப் பிரிந்தது. 2014 ஆகஸ்டு 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே தேஜோன் நகரில் விண்ணேற்புத் திருநாள் பூசை நிறைவேற்றினார். அவ்வாண்டு கப்பல் விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு ஆறுதலும் சொன்னார்.

மாதாவின் பக்தரான மாக்சிமிலியன் கோல்பே சுவாமியார், ஆஷ்விட்ஸ் சிறைமுகாமில் இன்னொரு குடும்பத் தலைவனுக்காகத் தம் உயிரைக் கொடுத்தது 1941 ஆகஸ்டு 14-ல். அவர் உடல் எரிக்கப்பட்டது ஆகஸ்டு 15-ல். அவரும் 1930 முதல் சில ஆண்டுகள் நாகசாகியில் பணியாற்றியவர். அங்கே அவர் கட்டிய மடம் மலையின் மறைவில் இருந்ததால் அணுகுண்டுக்குத் தப்பிற்று. ஏழைகளுக்காகப் பேசி, பூசைப் பீடத்தில் சுடப்பட்டு மாண்ட எல் சால்வடோர் பேராயர் புனித ஆஸ்கர் ரொமேரோ பிறந்ததும் 1917 ஆகஸ்டு 15-ல்.

நாளுக்குத் தனிச் சக்தி உண்டா?

இவ்வளவையும் கேட்டபின் சிலர், "ஆகா, ஆகஸ்டு 15 எவ்வளவு விசேஷமான நாள்!" என்று சொல்லக்கூடும். அங்கேதான் நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். நல்ல நாள், கெட்ட நாள், இராகுகாலம் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நாம், வேத சாயம் பூசி ஒரு புதிய நல்ல நாளை உண்டாக்கிக்கொள்ளலாமா? ஆகஸ்டு 15 தன் சக்தியால் நன்மை செய்யும் நாள் என்றால், அதே நாளில் பஞ்சாபில் ஏன் இரத்த ஆறு ஓடிற்று? ஊரகாமிக்கு ஏன் ஆறு நாள் தாமதமாயிற்று?

நாள் நமக்கு ஒன்றும் செய்வதில்லை. நாம்தான் நாளுக்கு ஏதாவது செய்கிறோம். மோன்மார்த்தரில் எழுவரும் அந்த நாளுக்கு ஒரு வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார்கள். கரைசேர்ந்த சவேரியார் நன்றியைக் கொடுத்தார். நாகாய் தம் துயரத்தைக் கொடுத்தார். காந்தியடிகள் தம் உபவாசத்தைக் கொடுத்தார். நடந்தவை எல்லாவற்றையும் சர்வேசுரன் அறிவார்; அவருடைய கணக்கைத் தேதிகளைக் கூட்டிக் கண்டுபிடிக்க நமக்கு அதிகாரம் இல்லை. அவர் தந்த நாளை எப்படி நிரப்பினோம் என்பதற்குத்தான் நாம் கணக்குக் கொடுக்கவேண்டும்.

ஆகவே பிள்ளைகளுக்கு நம் விடை இது. மாதா திருநாள் நம் முடிவைக் காட்டுகிறது. மனித உடல் மண்ணோடு மண்ணாகிப் போவதற்கு மட்டும் படைக்கப்பட்டதன்று என்கிறது. சுதந்திர தினம் அந்த முடிவை நோக்கி நாம் நடக்கும் மண்ணைக் காட்டுகிறது. தாழ்ந்தோரை ஆண்டவர் உயர்த்துகிறார் என்று பாடிய தாயின் பிள்ளைகள், தாழ்ந்தோர் எழும்ப உழைக்காமல் கொடிக்கு வணக்கம் மட்டும் செலுத்தினால் இரண்டு விழாவும் வீண். வேதமா தேசமா என்று கேட்பவர்களுக்கும் வேறு விடை இல்லை. தாயைப் பார்த்து, "உனக்கு மூத்த மகன் பெரிதா, இளைய மகன் பெரிதா?" என்று கேட்பவனுக்கு அவள் பதில் சொல்வதில்லை, இருவருக்கும் சோறு போடுகிறாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பங்கின் ஞானஸ்நானப் புத்தகங்களும், திருமணப் புத்தகங்களும், மரணப் பதிவேடுகளும் பழுப்பேறிக் கிடக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு தேதிக்கும் நேரே நம் முன்னோர் பெயர் இருக்கிறது. கோவிலுக்குக் கல் சுமந்தவர்கள், கூலியில் பாதியைக் காணிக்கை போட்டவர்கள், கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளிகளைத் தொட்டுத் தூக்கியவர்கள் இவர்களைப் பற்றி எந்தச் சரித்திரப் புத்தகமும் எழுதாது. நாம்தான் எழுதவேண்டும். ஒவ்வொரு அன்பியமும் தன் பகுதியிலுள்ள முதியவர்களிடம் கேட்டு, நிகழ்ச்சியையும் நாளையும் எழுதி, இந்த யூபிலி ஆண்டு முடியுமுன் பங்குத் தந்தையிடம் ஒப்படைப்போமாக. அடுத்த யூபிலியில் இந்த மேடையில் நிற்கப்போகிறவர்களுக்கு நாம் விட்டுச்செல்லும் சொத்து அதுவே.

 விண்ணேற்படைந்த அன்னை நம் பங்கையும் நம் பாரத நாட்டையும் காப்பாளாக!

மரியே வாழ்க! வணக்கம்.